நான்கு பூட்டு நட்டுகளை வென்ற படலம்

குகநாதன் ஆறு மணிக்கு எழுந்தான். முகம் கழுவினான். பாணில் வெண்ணெய் பூசி, மேலே ஒரு துண்டு சீஸ் வைத்துத் தின்றான். ஒரு வருடமாகச் சாப்பாடு ஏறத்தாழ இதுதான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். யன்னலைத் திறந்தான். முதல் பனி விழுந்துகொண்டிருந்தது.

வாழ்க அவன்! ஓல்டன் மாநகரின் முதியோர் இல்லத்துச் சமையற்கூடத்தில் பாத்திர மலைகளை நாள்தோறும் தேய்த்து வெல்லும் திண்புயத்தான், ஒன்றன்மேல் ஒன்றாய் இரு கம்பளிச் சட்டைகளைக் கவசமாய்ப் பூண்டோன், பட்டதாரி, பனிக்கு அஞ்சான், வாழ்க! ஆனைமுகனே, துருவுக்கும் எண்ணெய்க்கும் நடுவே அகப்பட்ட எம் தலைவனின் கதையைத் தடையின்றிச் சொல்லி முடிக்க அருள்வாய்.

போருக்குக் காரணம் ஒன்றே. மறுநாள் அவன் மனைவி சிவகலாவின் ஆண்டுத் திவசம். ஷாஃப்ஹவுசனில் றைன் நதி அருவியாய் விழும் கரையில் எள்ளும் நீரும் இறைக்க வேண்டும். அதுவும் அவள் வாங்கி, அவளே ஓட்டிய சிவப்புக் காரில் போய் இறைக்க வேண்டும். அந்தக் காரில் அந்த அருவிக்குப் போவோம் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். போகவில்லை.

கோடைகாலச் சில்லுகளோடு கார் பனியில் போக முடியாது. பனிக்காலச் சில்லுகள் நான்கும் நிலவறையில் தயாராய்க் கிடந்தன. ஆனால், காரில் இருந்த ஒவ்வொரு சில்லிலும் மற்ற நட்டுகளுக்கு நடுவே ஒரு பூட்டு நட் வீற்றிருந்தது. வழுவழுத்த வட்டத் தலை. அதற்கென்றே செய்த சாவி, அந்தத் திறப்பைத் தவிர வேறெதற்கும் வணங்காத தலை. திறப்பைக் காணவில்லை.

பூட்டியவள் சிவகலாவே. ஒரு சைக்கிளுக்கு இரண்டு பூட்டுப் போடும் யாழ்ப்பாணத்துக் குலத்தில் உதித்தவள், வாசலில் பால் போத்தலும் அதற்குரிய காசும் நாள் முழுதும் தீண்டுவாரின்றிக் கிடக்கும் இத்தேசத்திலும் கள்வர் வருவர் என்று காத்திருந்தவள், வராத கள்வருக்காகச் சில்லுகளைப் பூட்டித் திறப்பை ஒளித்த பேரரசி! ஒளித்த இடத்தை விநாயகரும் அறியார்.

துணைக்கு வந்தான் தவச்செல்வன், ரயில் நிலையத்தில் பொதி ஏற்றுபவன், நான்கு கிலோச் சுத்தியல் ஏந்திய நண்பன்.

"அண்ணை, எல்லா ரயிலும் வந்துபோற ஓல்டனில இருந்துகொண்டு ரயிலில போகமாட்டன் எண்ட ஒரே ஆள் நீங்கள்தான்."

"காரிலதான் போறன்."

"கராஜ்காரன் என்னவாம்?"

"திங்கள் வரட்டாம்."

"அப்ப தள்ளி நில்லுங்கோ. கை போனா என்னைக் கேக்கக்கூடாது."

நட்டைவிடச் சற்றே ஒடுங்கிய, நட்டுக் கழற்றும் பழைய சொக்கற் குழல் ஒன்றை அதன் தலைமேல் வைத்து, இடி முழங்கியதென்னவும் மலை பிளந்ததென்னவும் தவச்செல்வன் அறைய, பனி சிதற, அறுபது வீட்டு யன்னல்களும் அதிர, காக்கைகள் பறந்தோட, சொக்கற் நட்டை இறுகக் கவ்வியது. கவ்விய அக்கணமே மேல்மாடத்தில் தோன்றினாள் ஃபிராவ் ஹூர்லிமான், ஒழுங்கு காக்கும் அணங்கு, ஊதா நிறச் சட்டையாள். தேவாலய மணி பன்னிரண்டு அடித்தது. அவள் கை உயர்த்திப் பிரகடனம் செய்தாள்: "மிட்டாக்ஸ்றூஹே!"

மத்தியான அமைதி. ஒரு மணிவரை இந்நாட்டில் சுத்தியல் பேசலாகாது. இரு படைகளும் போர் நிறுத்தின. வீரர்கள் பனிக்காலச் சில்லுகளின்மேல் அரியணை போல் அமர்ந்து குளிர்ந்த பாணைக் கடித்தனர்.

"இந்த மனுசி பொலிசுக்குப் போன் அடிக்குமோ?"

"அடிக்காது. நேரம் பாக்குது."

உண்மையே. ஒரு மணிக்கு அவள் மீண்டும் தோன்றி, கடிகாரத்தைக் காட்டி, "யெட்ஸ்ற்!" என்றாள். இனி அடிக்கலாம்.

ஆள்நீள இரும்புக் குழாயைத் திருகுகோலில் செருகி, இருவரும் தம் முழு எடையோடு தொங்க, நட் முனகியது, கிறீச்சிட்டது, ஈற்றில் தன் செருக்கை விட்டுச் சுழன்றது. முதலாவது வீழ்ந்தபின் இரண்டாவது அஞ்சியது. மூன்றாவது சண்டையிட்டு மாண்டது. நான்காவது சொக்கற்றையும் பிளந்துகொண்டு ஒருமிக்க வீரசொர்க்கம் புகுந்தது. ஃபிராவ் ஹூர்லிமான் மேலிருந்து கைதட்டினாள். வெற்றி! சிவப்புத் தேர் பனியை மிதித்து நின்றது.

மாலையில் படையலுக்குச் சிவகலாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் கறி வைக்க வேண்டியிருந்தது. குகநாதன் ஒரு வருடமாகத் தொடாத மிளகாய்த்தூள் ரின்னைத் திறந்தான். கரண்டியை ஆழ விட்டான். 'டங்' என்றது. செந்தூள் பூசிய திருமேனியோடு எழுந்தருளியது பூட்டு நட்டின் திறப்பு.

தவச்செல்வன் தும்மித் தும்மிச் சிரித்தான். "அண்ணை, எந்தக் கள்ளன் இதுக்குள்ள கையை விடுவான்!" குகநாதனும் சிரித்தான். கண்ணில் தூள் பட்டிருந்தது.

போன வருடம் ஆஸ்பத்திரி வண்டி கீழே வந்து நின்ற அந்தக் காலையில், வாசலில் சப்பாத்தைக் கொழுவியபடி சிவகலா சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். வண்டு வராமல் போட்ட பெருங்காயத் துண்டாக்கும் என்று அவன் நினைத்திருந்தான்.

"தூள் ரின்னுக்க அடியில ஒண்டு கிடக்கு, கறிக்குள்ள போட்டிடாதேங்கோ."