காக்கா தூக்கிய பூரியும் என் மகளின் கோகோ பீரியடும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நான் மறுப்பதில்லை. என் வீட்டுக்காரர் இதை ஏதோ பரம்பரை வியாதி மாதிரிச் சொல்வார். நானோ இதை ஒரு தகுதி என்றே நினைத்திருந்தேன், மகள் நிலா மூன்றாம் வகுப்பில் அந்தப் பரீட்சை எழுதும் வரை.

நாங்கள் இருப்பது தெலுங்கு ஊரில், குகட்பள்ளியில். அவருக்குப் பட்டான்செருவில் மருந்துக் கம்பெனி வேலை. எனக்குக் கொண்டாப்பூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். அதாவது, அடுத்தவர் வேலையில் தப்புக் கண்டுபிடிக்க மாதச் சம்பளம். (வீட்டில் இதை இலவசமாகவே செய்கிறேன் என்பது அவர் கட்சி.)

நிலாவின் பள்ளியில் வாசிப்புக்கும் கணக்குக்கும், எல்லாக் கிளைகளுக்கும் ஒரே தாளாக ஒரு பரீட்சை வைத்தார்கள். மார்க் குறைந்தால் விளையாட்டு பீரியடைப் பிடுங்கிவிட்டு அந்த நேரத்தில் கூடுதல் வகுப்பு. நிலாவுக்குக் குறைந்துவிட்டது. படிப்பு போனால்கூட அவளுக்குப் பரவாயில்லை, கோகோ போகக் கூடாது. பையை வீசிவிட்டு ஒரே அழுகை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாளைக்கு மீட்டிங்குக்கு வர்றேன். யாரு உன் கோகோவப் பிடுங்குறாங்கன்னு பாக்குறேன்!"

"அம்மா, நக்கோ, வேணாம்! நீ வந்தா இன்னும் ப்ராப்ளம் ஆகும்."

எட்டு வயதுக்கு என்ன ஒரு தீர்க்கதரிசனம்!

மறுநாள் பெற்றோர் கூட்டத்தில் வகுப்பு டீச்சர் தாளைக் காட்டினார். முன்பக்கம் ஒரு கதை. மீனாவின் அம்மா பூரி சுட்டு ஜன்னலோரம் வைக்கிறாள். காக்கா ஒன்றைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது. அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்? கோபமா, சந்தோஷமா, பயமா? நிலா சந்தோஷத்துக்கு டிக் போட்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் அமாவாசையன்று காக்கா சோறு எடுக்காமல் ஒருவரும் சாப்பிட முடியாது. மொட்டைமாடியில் நின்று நான் தொண்டை வற்றக் "கா கா" என்று கத்துவேன். (கீழ்வீட்டு ஆன்ட்டி காலண்டர் பார்ப்பதையே விட்டுவிட்டார்.) அது வந்து கொத்தினால்தான் அப்பாடா என்றிருக்கும். அந்த வீட்டுப் பிள்ளை வேறு எதற்கு டிக் போடும்?

பின்பக்கம் கணக்கு. அதிலும் அதே காக்கா. பத்துப் பூரியில் ஒன்றைக் காக்கா எடுத்தால் மீதி எத்தனை? நிலா பத்து என்றே எழுதியிருந்தாள். காக்காவுக்கு வைத்த பிறகுதானே எங்கள் வீட்டில் எண்ணிக்கையே தொடங்கும்!

"தப்பு பிள்ளைகிட்ட இல்ல மேடம், கேள்வியிலதான்" என்றேன், என் அரைகுறைத் தெலுங்கில், சத்தமாக. ஹாலே திரும்பிப் பார்த்தது.

டீச்சர் பொறுமைசாலி. நாற்காலியைக் காட்டி, "கூர்ச்சோண்டி மேடம். அன்னி பிராஞ்சஸ்கி சேம் பேப்பர் அண்டி" என்றார். எல்லாக் கிளைக்கும் ஒரே தாளாம்.

நானும் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். "குடுங்க அந்தப் பேப்பரை. இங்கேயே எழுதிக் காட்டுறேன்!" என்றேன்.

கொடுத்துவிட்டார். பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சில் என்னைச் செருகி, அவர்களுக்குக் கொடுத்த அதே நேரத்தை எனக்கும் கொடுத்தார். மற்ற பெற்றோர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். காக்கா கேள்வி வந்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. வெறும் டிக் போதுமா? அமாவாசை, முன்னோர், படையல் என்று ஓரமெல்லாம் நுணுக்கி நுணுக்கி எழுதினேன். மணி அடித்தபோதும் காக்காவிடமேதான் இருந்தேன். பக்கத்தைத் திருப்பவே இல்லை. ஒரு கணக்கைக்கூடத் தொடவில்லை.

அங்கேயே திருத்தினார்கள். நிலாவைவிட எனக்குக் குறைவு. கூடுதல் வகுப்பில் சேர எனக்குத்தான் முதல் தகுதி. முதலில் யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும். கதவோரம் நின்ற நிலா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். என் மானம் கப்பலேறிவிட்டது.

ஆனாலும் விடவில்லை. "மார்க் போகட்டும். என் பதில் சரிதான்!" என்று சொல்லிவிட்டு விருட்டென்று எழுந்தேன். (எழுந்திருப்பேன். முட்டி பெஞ்சுக்குள் மாட்டிக்கொண்டது. இரண்டு அப்பாக்கள் சேர்ந்து வெளியே எடுத்தார்கள்.)

கோகோ போயே போயிற்று. நிலா என்னோடு சரியாகப் பேசக்கூட இல்லை. அடுத்த மாதம் அதே தாளை மறுபடி எழுத வைத்தார்கள். மார்க் வந்த அன்று சாயங்காலம் யூனிஃபார்மெல்லாம் செம்மண்ணோடு ஓடி வந்தாள்.

"அம்மா, கோகோ திரும்ப குடுத்துட்டாங்க!"

"காக்கா கேள்விக்கு என்னடி போட்ட?"

"ஆங்க்ரி."

"அடிப்பாவி! அத்தனை பேர் முன்னாடி உனக்காகச் சண்டை போட்டேனேடி!"

பாவம் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். "அம்மா, அது டெஸ்ட் காக்கா. நம்ம காக்கா வேற."

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வசனம். மேனேஜர் ஃபோன் வந்தால் என் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்து "டெஸ்ட் காக்கா" என்று கிசுகிசுத்துவிட்டு, "சூப்பர் ஐடியா சார்" என்று குழைவார். எனக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. வரவும் வேண்டாம்.

போன அமாவாசைக்குக் காக்கா சீக்கிரமே வந்து சோற்றைக் கொத்தியது. இப்போது ஐந்தாவது படிக்கும் நிலா பக்கத்தில் நின்று, "அம்மா, ஆங்க்ரியா ஹாப்பியா?" என்றாள்.

"ஹாப்பிதான்டி! எந்த ஸ்கூல்ல வேணா வந்து எழுதித் தர்றேன்!"

"எழுதும்மா" என்றாள். "ஆனா, பேப்பரைத் திருப்பு."