ட்ரீவாவின் பாட்டில் வரும் சாம்பல் கண்ணுக்காரன்

பைன் லிக், டென்னசி
சனிக்கிழமை காலை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ஹோய்ட் அவர்களுக்கு,

வெர்லின் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை ட்ரீவாவும் நலம். டெக்சஸில் நீங்களும் உங்கள் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல்.

இருபது வருடம் மாட்டுச் சந்தையிலும் மதுக்கடையிலும் கிட்டாரோடு நின்று பாடிய ட்ரீவாவின் காதல் பாட்டு, போன வாரம் கன்ட்ரி என்கிற நாட்டுப்புறப் பாட்டுகளின் வரிசையில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. சேதி கேட்டு நான் வாசலில் நின்று அழுதேன். வினை அதற்குப் பிறகுதான், மச்சான். பாட்டில் வருகிறவனுக்குச் சாம்பல் நிறக் கண். எனக்கோ பழுப்பு. ஊரில் சாம்பல் கண் உள்ள ஒரே ஆள் தூண்டில் புழு விற்கிற ஆர்வல். பள்ளிக்கூடத்தில் ட்ரீவாவோடு படித்தவன் வேறு. "பாட்டின் நாயகன் கடை இதுவே" என்று பலகையே மாட்டிவிட்டான். தேவாலயத்துப் பெண்கள் மூன்று பேர், சாவு வீட்டுக்குக் கொண்டுபோவது போல, மூடி போட்ட பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொண்டுவந்து, "மனசைத் தேத்திக்கோ வெர்லின்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே கண்ணாடியில் என் கண்ணைப் பார்க்கிறார்கள்.

வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் ட்ரீவாவிடம் கேட்டே விட்டேன். பன்றிக்கறி வறுத்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"யோவ், உன்னைப் பாக்கறதுக்கு முன்னாடி எழுதின பாட்டுய்யா அது. எனக்கு இருபத்திநாலு வயசு. ஏதோ ஒரு ஊர், ஏதோ ஒரு விடுதி ரூம். அப்படி ஒரு ஆளே கிடையாது."

"ஆள் இல்லாமயா இவ்வளவு உருகுன?"

"ஆள் இருந்திருந்தா பாட்டு எதுக்கு? போன் பண்ணியிருப்பேனே!"

"அப்ப சாம்பல் கண்ணு?"

"பழுப்பு தாளத்துல உக்காரல."

நான் நம்பிவிட்டேன், மச்சான். அந்த விடுதி அறையில் தனியாக இருந்த பெண்ணை நினைத்து இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் ஊர் நம்ப வேண்டுமே! இன்று மாலை நாஷ்வில்லில் பெரிய மேடையில் பாடுகிறாள். முன்வரிசையில் எனக்கு இடம் பிடித்திருக்கிறாள். தொலைக்காட்சிக்காரர்கள் என் கண்ணைத்தான் காட்டுவார்கள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இதுதான் என் முடிவு; நீங்கள் சொன்னாலும் மாற்ற மாட்டேன்.

உங்கள் முதுகு விரைவில் நிமிரவும், நீங்கள் வேலை பார்க்கும் எண்ணெய்க் கிணறுகள் வற்றாமல் சுரக்கவும் ஆண்டவரை வேண்டும்,

தங்கள் அன்பு மைத்துனன்
வெர்லின் ஸ்ட்ரவுட்

பி.கு.: எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும், முழங்காலில் வைத்து எழுதுகிறேன், வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. தபாலில் போட வெளியே வந்தேன். ட்ரீவா வண்டியை முடுக்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாகக் காத்திருந்தாளாம். "ஏறு" என்றாள். ஏறிவிட்டேன். இப்போதுதான் வானொலியில் அந்தப் பாட்டு வந்தது. அவள் சட்டென்று அணைக்கக் கையை நீட்டினாள். "சத்தமா வை" என்று சொல்லிவிட்டேன்.