டாவேயின் ஜூன் மாதப் பிறந்தநாள்

வருவது இரண்டு பேர். கேட்பது ஒரே சத்தம். உறைந்த கால்வாயின் மேல் சறுக்குக் காலணியின் இரும்பு உரசும் சத்தம். ஸர்ர்... ஸர்ர்... என்று, யாரோ நீளமாகத் துணி கிழிப்பது போல இருக்கும். நான் சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்துக் காத்திருப்பேன். பாலத்தடி வளைவைத் தாண்டி யெல்லேயும் டாவேயும் தோளோடு தோள் உரச வருவார்கள். நான்கு கால்கள், ஒரு தாளம். டாவே அமெரிக்காவுக்குக் கப்பலேறிய வருடக் குளிர்காலத்தில் யெல்லே தனியாகச் சறுக்கினார். சத்தம் என்னவோ அதேதான். எனக்குத்தான் ஜன்னலைத் திறக்கத் தோன்றவில்லை.

யெல்லே என் கணவர். டாவே அவரோடு ஒரே வகுப்பில் படித்த தோழன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் இருவரும் சேர்ந்துதான் அமெரிக்காவில் குடியேற மனுப் போட்டார்கள். கடைசி வாரத்தில் யெல்லே பின்வாங்கினார். அவருடைய அம்மாவுக்கு முழங்கால் வலி. வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போனோம். கப்பல் படியில் நின்றுகொண்டு, நூறு பேர் நடுவே டாவே கத்தினான்:

"யெல்லேவுக்கு அம்மா அனுமதி தரலை! அடுத்த கப்பல்ல பால்புட்டியோட வருவான்!"

நூறு பேரும் சிரித்தார்கள். கப்பல் போய்விட்டது. சிரிப்பு மட்டும் எங்களோடு வீட்டுக்கு வந்தது. வந்ததும் யெல்லே செய்த முதல் வேலை, எங்கள் காலண்டரில் டாவேயின் பெயரைக் காகிதம் கிழியும்வரை அடித்ததுதான்.

நெதர்லாந்தில் எங்கள் ஃப்ரீஸ்லாந்துப் பக்கம் பிறந்தநாள் காலண்டர் கழிப்பறையில் தொங்கும். உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே. அதில் வருடம் கிடையாது, கிழமை கிடையாது. தேதியும் பெயரும் மட்டும். பிறந்தநாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. தெரிந்தவர்கள் தாமாகப் போக வேண்டும். வீட்டில் இருக்கும் அத்தனை பேர் கையையும் குலுக்கி வாழ்த்த வேண்டும். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து கேக் தின்ன வேண்டும். பக்கத்தில் இருந்தும் போகாதவன் மனிதனே இல்லை. அவன் கொலைகாரனாக இருந்தாலும் பிறந்தநாளுக்கு வந்தால் நாற்காலி உண்டு.

காலண்டரில் எழுதுவது பெண்கள் வேலை. படிப்பது ஆண்கள் வேலை. யெல்லேவுக்குச் சொந்த அக்காவின் பிறந்தநாள்கூட உட்கார்ந்தால்தான் ஞாபகம் வரும்.

எண்பத்தெட்டில் யெல்லே வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அமெரிக்காவுக்குப் போய், வாடகைக் கார் எடுத்து, குடியேறிய பழைய சிநேகிதர்களை எல்லாம் பார்த்து வருவது என்று முடிவானது. சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தார். மிச்சிகன், விஸ்கான்சின், மின்னசோட்டா, கடைசியில் நெப்ராஸ்காவில் அவருடைய சித்தப்பா மகன். மின்னசோட்டாவிலிருந்து நெப்ராஸ்காவுக்கு நேரே கோடு போட்டால் நடுவில் அயோவா வரும். டாவே இருப்பது அயோவாவில். யெல்லேயின் பென்சில் அங்கே வந்ததும் சாணியைக் கண்ட செருப்பு மாதிரி ஒதுங்கியது. தெற்கு டகோட்டா வழியாக ஒரு பெரிய தொந்தி வரைந்தார்.

"இதென்ன யெல்லே, கர்ப்பிணி மாதிரி இருக்கு?"

"காட்சி நல்லா இருக்குமாம்."

"அங்க சோளக்காடுதானே?"

"அது வேற சோளம்."

பிறகு எழுந்து நின்று, மார்பில் கை வைத்துச் சொன்னார்:

"நான் உயிரோட இருக்கறவரைக்கும் என் வண்டிச் சக்கரம் அயோவா மண்ணைத் தொடாது. எழுதி வெச்சுக்கோ."

நான் எழுதினேன். ஆனால் வேறு விஷயம், வேறு ஆட்களுக்கு.

காரணம் இதுதான். அந்த ஏப்ரலில் டாவேயின் மனைவி ஹிஸ்கேயிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அவளும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஆண்கள் சண்டை போட்டால் பெண்கள் கடிதங்களை ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது. 'டாவேயின் கண் போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் ஏற்கெனவே இருட்டு, ஓரம் மட்டும்தான் மிச்சம். இந்த வருடம் தாண்டாது என்கிறார் டாக்டர். நேற்று டாவே அவராகவே சொன்னார், அந்த மடையன் மூஞ்சியை இன்னொரு தடவை பார்த்திருக்கலாம் என்று. ஆனால் யெல்லேயிடம் சொல்லக் கூடாதாம். இரக்கப்பட்டு வருவதாக இருந்தால் வரவே வேண்டாமாம்.'

சொல்லக் கூடாது, ஆனால் வர வேண்டும். இலக்கியம் படித்த மூளை இதற்காவது உதவட்டும் என்று உட்கார்ந்தேன். மூன்று மாநிலங்களுக்கு மூன்று கடிதங்கள் போட்டேன். அயோவாவுக்கு நாலாவது. அதில் தேதியும் திட்டமும் மட்டும்.

முதல் வீடு மிச்சிகனில் கோரியுடையது. மறுநாள் காலை யெல்லே கழிப்பறைக்குப் போனார். வழக்கத்தைவிட நேரமானது. முகம் மாறி வெளியே வந்தார்.

"கோரி வீட்டுக் காலண்டர் பார்த்தியா?"

"இன்னும் போகலை. ஏன்?"

"ஒண்ணுமில்ல. ஜூன் பத்தொன்பதாம் தேதி... அவன் பேர் போட்டிருக்கு. 'அறுபது'ன்னு பக்கத்துல வேற."

"யார் பேர்?"

"அவன்தான்."

"எவன்?"

"சும்மா இரு."

இரண்டாவது வீடு விஸ்கான்சினில். அந்த வீட்டுக்கார வில்லெம் நாடகத்தில் நடித்த ஆள். நான் எழுதச் சொன்னது ஒரு பெயர். அவன் சிவப்பு மையில் எழுதி, சுற்றி வட்டம் போட்டு, இரண்டு ஆச்சரியக்குறியும் வைத்திருந்தான். யெல்லே கழிப்பறைக்குள்ளிருந்தே கத்தினார்:

"நீன்கே! இன்னிக்கு என்ன தேதி?"

"பதினாறு!"

உள்ளே, "பதினேழு, பதினெட்டு..." என்று எண்ணும் குரல்.

காப்பி நேரத்தில் வில்லெமிடம் நாசூக்காகக் கேட்டார்:

"அந்த அயோவாக்காரன் பிறந்தநாளுக்கு எல்லாரும் போறீங்களோ?"

"எனக்கு முதுகு வலி, போன்ல வாழ்த்திடுவேன். நீங்க அந்தப் பக்கமா போறீங்க?"

"இல்ல இல்ல, ஆனா... கொஞ்சம் தள்ளி."

"எவ்வளவு தள்ளி?"

"நாப்பது மைல்."

வில்லெம் கோப்பையைக் கீழே வைத்தான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. நல்ல நடிகன் என்று அன்றுதான் ஒப்புக்கொண்டேன்.

மூன்றாவது வீடு மின்னசோட்டாவில், விதவை ட்ரைன்ச்யேயுடையது. அங்கே யெல்லே கழிப்பறைக்குள் போகவே பயந்தார். "அவசரம் இல்ல, அப்புறம் போறேன்," என்று பகல் முழுக்கத் தோட்டத்தில் நடந்தார். மாலைக்குள் நடையே மாறிவிட்டது. கடைசியில் ஓடினார். வெளியே வந்தபோது தோற்ற மனிதரின் முகம்.

மறுநாள் காரில் அவர் எனக்குச் சொன்னதை வார்த்தை மாறாமல் நினைவில் வைத்திருக்கிறேன்:

"யோசிச்சுப் பாரு. வாழ்த்தாம போனா, தப்பு என் மேல. வாழ்த்திட்டு வந்துட்டா, காலத்துக்கும் தப்பு அவன் மேல. ஒரு காப்பி, ஒரு துண்டு கேக், கிளம்பிடலாம். அவன் வாயடைச்சுப் போவான்."

"யார் போறாங்க? சக்கரம் அந்த மண்ணைத் தொடாதுன்னியே?"

"நான் சும்மா சொல்லிப் பார்த்தேன். நீ தூங்கு."

கண்ணை மூடிக்கொண்டேன். வழியில் ஒரு கடையில் வண்டி நின்றது. பூவாசனை வந்தது.

"எதுக்குப் பூங்கொத்து?"

"தூங்கலையா நீ? வண்டி நாறுது, அதுக்குத்தான்."

மறுபடி மூடிக்கொண்டேன். அரைக் கண்ணால் பார்த்தேன். அயோவா எல்லைப் பலகை வந்தபோது அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, திருடனைப் போல மெதுவாக வண்டியைத் திருப்பினார். கொஞ்ச நேரம் கழித்து, "அடடா, தப்பான வழியில வந்துட்டோம் போல," என்று சத்தமாகச் சொன்னார். என்னை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் சீட்டியடித்தார்.

வெள்ளை மர வீடு. பின்னால் சோளம். அதே பழைய சோளம்தான். கூடத்தில் ஹிஸ்கே நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தது ஜன்னல் வழியே தெரிந்தது. அவள் ஓடி வந்து என் காதில் கிசுகிசுத்தாள்:

"டாவேகிட்ட நான் ஒண்ணுமே சொல்லலை."

"அடிப்பாவி! ஏன்?"

"சொன்னா மாட்டுக்கொட்டகையில போய் ஒளிஞ்சுப்பார்."

யெல்லே பூங்கொத்தோடு வாசலில் நின்றார். டாவே கதவை ஒரு கையால் தடவிக்கொண்டே வெளியே வந்தான். உண்மையில் அவனுக்குப் பிறந்தநாள் நவம்பர் ஒன்பது. ஜூன் பத்தொன்பதில் அவன் வெறும் ஐம்பத்தொன்பது வயதுக்காரன். அவன் 'என்ன உளறுறே?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், யெல்லே திரும்பி வண்டியில் ஏறிவிடுவார். முப்பத்தொரு வருடம் இன்னொரு முப்பத்தொன்றாகிவிடும். டாவேயின் கண்கள் அதுவரை காத்திருக்காது. ஹிஸ்கே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிறந்தநாள் வாழ்த்துகள்டா," என்றார் யெல்லே. பூங்கொத்தை முன்னால் நீட்டினார்.

டாவே அசையவில்லை. குரல் வந்த திசைக்குக் காதைத் திருப்பினான். பிறகு நேரே வந்து, யெல்லேயின் இரண்டு காதுகளையும் பிடித்து, வெளிச்சத்தின் பக்கம் தலையைத் திருப்பி, தன் மூக்கு இடிக்கும் தூரத்தில் வைத்துப் பார்த்தான். தலையை இப்படிச் சாய்த்து ஒரு தடவை, அப்படிச் சாய்த்து ஒரு தடவை.

"என்னடா, சந்தையில மாடு பார்க்கிற மாதிரி பார்க்கிறே?"

"வாங்கலாமான்னு பார்க்கிறேன். பல்லைக் காட்டு."

"போடா."

"முடியெல்லாம் எங்கடா?"

"அம்மா அனுமதி தரலை," என்றார் யெல்லே.

டாவே சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு எங்கேயோ வழி மாறி வேறு ஏதோவாகிவிட்டது. காதுகளை மட்டும் விடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "நீன்கே, ரொம்ப நன்றி. எனக்கே மறந்துபோச்சு பாரு, என் பிறந்தநாள்," என்றான். அந்தப் பாதிப் பார்வையிலும் என்னைச் சரியாகப் பார்த்துக் கண்ணடித்தான்.

ஒரு காப்பி, ஒரு துண்டு கேக் என்று வந்தவர் நான்கு நாள் தங்கினார். இரண்டாம் நாள் டாவே கோப்பைக்குப் பக்கத்தில் காப்பியை ஊற்றினான். யெல்லே அதைப் பார்த்தார். கோப்பையை மெதுவாக நகர்த்தி, காப்பி விழும் இடத்தில் வைத்தார். அதற்குப் பிறகு இருவரும் சோளக்காட்டுப் பக்கம் நடக்கப் போகும்போதெல்லாம் தோளோடு தோள் உரசித்தான் நடந்தார்கள்.

நான்காம் நாள் காலை, கிளம்பும் நேரத்தில்தான் வினை வந்தது. ஹிஸ்கேயும் நானும் எல்லார் வீட்டுக் காலண்டரையும் திருத்தினோம். அவள் வீட்டுக் காலண்டரை மறந்துவிட்டோம். அதுவரை துவாலைக்குப் பின்னால் மறைந்து ஜூன் பக்கத்திலேயே தொங்கியதை யெல்லே அன்றைக்குப் பார்த்து, ஜூனில் பெயர் இல்லையே என்று பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறார்.

காரில் பத்து மைல் வரை சாலையையே பார்த்து ஓட்டினார். நான் கையைக் கோத்து, தண்டனைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

"நவம்பர் ஒன்பதா?"

"ஆமா."

"கோரி?"

"நான்தான் எழுதச் சொன்னேன்."

"வில்லெம்?"

"ஆச்சரியக்குறி மட்டும் அவன் சொந்தம்."

"டாவேவுக்கு எப்போ தெரியும்?"

"நீ வாழ்த்தினப்போ."

இன்னும் பத்து மைல் ஓட்டினார்.

"தப்பான வழின்னு நான் சொன்னப்போ நீ நிஜமாவே தூங்கினியா?"

"இல்லை."

"சீட்டியடிச்சேனே?"

"நல்லா அடிச்சே."

வண்டியை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"அப்போ நான் இன்னும் அவனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல்லலைன்னு ஆகுது. நவம்பர்ல மறுபடி வரணும், நீன்கே. போகலைன்னா மரியாதையா இருக்காது."

நவம்பரில் எங்களால் போக முடியவில்லை. வாழ்த்து அட்டை அனுப்பினோம். அதை டாவேவுக்கு ஹிஸ்கேதான் படித்துக் காட்டினாள். அவன் பார்வை அக்டோபரிலேயே போய்விட்டிருந்தது.