அண்ணனுடைய சைக்கிளும் பதினெட்டுக் கிலோ சுவரும்

திற்பரப்பு,
புதன்கிழமை.

அன்புள்ள கொழுந்தன் ஜெபசீலனுக்கு, மைனி பூங்கனி எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே நானும் மகள் பிரீனாவும் குறையில்லாமல் இருக்கிறோம். முதுகுவலி இருக்கிறது; அதைக் கிருபையில் சேர்க்கவில்லை. அங்கே கொட்டாரத்தில் நீயும் பெமிலாவும் மகன் ஜெனினும், பூச்சு காயாத உங்கள் புது வீடும் நன்றாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் பாதி சொல்லும்போதே "மைனி, சிக்னல் கெடைக்கல்ல" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், எழுத்தைப் பெரிது பெரிதாகத்தான் எழுதுவேன், நீ கண்ணாடி தேடாமலே வாசிக்கலாம். உட்கார்ந்து முழுவதும் வாசி.

உன் அண்ணனுடைய சைக்கிளைப் புது வீட்டு ஹால் சுவரில் மாட்ட வேண்டும், வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து அண்ணனை நினைக்க வேண்டும் என்று நீ கேட்டபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை. எனக்கு அது என்னத்துக்கு? இரண்டு பக்கமும் ரப்பர் பால் கேனைத் தொங்கவிட்டு அவர் அதை மேட்டில் தள்ளிக்கொண்டு வருவார். அவர் போன பிறகு ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன் அல்லவா, அப்போது ஒருநாள் நானும் கேனை மாட்டித் தள்ளிப் பார்த்தேன். பாதி மேட்டில் நான் அதைத் தள்ளுவது நின்று, அது என்னைத் தள்ளத் தொடங்கியது. அன்றைக்கே வீட்டை ஒட்டின சாய்ப்புக் கொட்டகையில் சாத்தி வைத்துவிட்டு வாளியைத் தலையில் தூக்கிக்கொண்டேன். இன்றுவரை அப்படித்தான் சுமக்கிறேன். முதுகுவலி என்று மேலே எழுதியது அதனால்தான். ஆகையால் சைக்கிளை உனக்குத் தருவதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொல்லை உங்கள் சுவரால் வந்தது. ஜெனின் கூப்பிட்டு, "பெரியம்மா, அது ஜிப்சம் போர்டு சுவராக்கும். பதினெட்டுக் கிலோவுக்கு மேல தாங்காது, ஆணியோட பிடுங்கீட்டு வரும்" என்றான். சுவர் என்றால் வீட்டைத் தாங்குவது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். உங்கள் வீட்டில் சுவரை வீடு தாங்குகிறது போலிருக்கிறது. சரி, அது உங்கள் பாடு. ரப்பர் ஷீட் எடுக்கிற கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் ஏற்றினோம். இருபத்துநாலரைக் கிலோ. கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றிச் சாய்ப்பில் போட்டுவிட்டுத் திரும்ப ஏற்றினோம். பத்தொன்பதரை. அதற்கு நீ போனில் என்ன சொன்னாய்? "மைனி, அண்ணன் வருசா வருசம் பெயின்டு மேல பெயின்டு அடிச்சு வச்சிருக்காரு. அதச் சொரண்டினாலே அஞ்சு கிலோ கொறையும். சொரண்டீட்டு கோல்டு கலர்ல பவுடர் கோட்டிங் போட்டுருங்க" என்றாய். நானும் நம்பினேன், டெம்போ பிடித்துக் கோட்டாற்றுக்குப் போனேன்.

பட்டறைக்காரர் முத்துநாயகத்தை உனக்குத் தெரியும். பேச்சில் மனுஷன் விமானமே செய்துவிடுவார். சுரண்டத் தொடங்கினார். உன் அண்ணன் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு அடித்த பெயின்ட்டில் மீந்ததை எல்லாம் சைக்கிளுக்கு அடிப்பார், பழையதைச் சுரண்டவே மாட்டார், "சொரண்டினா தோலு போன மாதிரி இருக்கும்" என்பார். பச்சை போனது, அடியில் ரோஸ் வந்தது, ரோஸுக்கு அடியில் சந்தனம், அதற்கும் அடியில் நல்ல நீலம். அந்த நீலத்தை எங்கள் வீட்டுக்கு அடித்ததே கிடையாது. யோசித்துப் பார்த்தால் அது எங்கள் சபையின் இரும்புக் கேட்டுக்கு வாங்கிய நீலம். கேட்டுக்கு அடித்து மீந்ததா, மீதி வரட்டும் என்று கேட்டுக்குக் குறைத்து அடித்தாரா என்று இனி யாரிடம் கேட்பது? அவ்வளவு அடுக்கும் போய் வெறும் இரும்பாக நின்ற பிறகு தராசில் வைத்தால் முக்கால் கிலோதான் குறைந்திருக்கிறது. நீ சொன்ன அஞ்சு கிலோவில் மீதி எங்கே போனது என்று தெரியவில்லை, அந்த நீலத்தைப் போல அதுவும் எங்கேயாவது இருக்கும்.

அடுத்தது எந்தப் பூச்சு என்கிற வழக்கு. உனக்குக் கோல்டு பவுடர். பெமிலாவுக்குக் குரோமியம் முலாம், பளபளவென்று இருக்க வேண்டும். ஜெனினுக்கு மினுமினுப்பே இல்லாத கறுப்பு. மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் எனக்குப் போன் செய்ய, முத்துநாயகம் குறுக்கே வந்தார்.

"அக்கா, பவுடர் கோட்டிங் எண்ணா வெறும் பொடியாக்கும். பொடிக்கு என்ன வெயிட்டு?"

"கோதம்பு மாவும் பொடிதான் தம்பி. ஒரு மூட்டையத் தூக்கிப் பாரும்."

"அய்யோ, இது வேற பொடி அக்கா. காத்து மாதிரி."

எனக்குக் காற்றில் நம்பிக்கை இல்லை. அவர் கடையில் வாடிக்கையாளருக்குக் காட்ட ஒரே அளவுக் குழாய்த் துண்டுகளில் ஒவ்வொரு பூச்சாகப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார். அதை எல்லாம் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு எதிரே பலசரக்குக் கடைக்குப் போய், மிளகு நிறுக்கிற சின்னத் தராசில் வைக்கச் சொன்னேன். கடைக்காரர் ஒரு துண்டை மோந்து பார்த்துவிட்டு, "இது எந்த ஊரு பலசரக்கு அக்கா, கிலோ என்ன வெல?" என்றார். சிரிக்கட்டும். தராசு சொன்னதை எழுதுகிறேன், படித்த பிள்ளை ஜெனினிடமும் காட்டு. ஒன்றுமே பூசாத துண்டுதான் எல்லாவற்றிலும் லேசு. அதன்மேல் வார்னிஷ் போலத் தெளிவாக ஒன்றைத் தெளிக்கிறார்கள், அதற்கு எடை ஏறினதே தெரியவில்லை. ஸ்பிரே பெயின்ட் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். பவுடர் தடிப்பாகப் படிகிறது, அது இன்னும் கூடுதல். குரோமியம்தான் எல்லாவற்றிலும் கனம். அதில் நிறம் என்று ஒன்றும் கிடையாது, வெறும் மினுக்கம், அதற்குப்போய் இவ்வளவு எடையா என்று கேட்டால், அது இரும்புக்கு மேல் இன்னொரு உலோகத்தை உடுத்துவது, எடை இல்லாமல் எப்படி இருக்கும்? இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தராசில் வைத்துப் பார்த்தாலே தெரிகிறது.

தோற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். கோல்டு, கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை உட்காருகிற நாற்காலி மாதிரி. குரோமியம், ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி. உன் அண்ணனுடைய கடைசி மாதம் முழுக்க நான் பார்த்துக்கொண்டிருந்த கட்டில் அது, அந்த மினுக்கத்தை உங்கள் ஹாலில் திரும்பப் பார்க்க என்னால் ஆகாது, பெமிலா வருத்தப்பட வேண்டாம். ஜெனினுடைய கறுப்பு, அடுப்பில் மறந்துவிட்ட தோசைக்கல். இத்தனையும் சொல்லி, ஒன்றும் பூசாமல் கொடும் என்றேன். முத்துநாயகம் உனக்குப் போனைப் போட்டார். நீ வீட்டுக்காரன், காசு கொடுக்கிறவன், கோல்டு என்றாய். கோல்டு என்று முடிந்தது.

இனி நடந்ததை நிதானமாக வாசி. சைக்கிளைப் பிரித்து, பிரேமை மட்டும் தொங்கவிட்டுப் பொடியை அடித்தார்கள். பூத்தூவின மாதிரி ஒட்டிக்கொண்டது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் அதைப் பெரிய அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். பொடி உருகிப் படிய வேண்டுமாம். முத்துநாயகம் எனக்கு நாற்காலி போட்டு, "வடை தின்னு முடிக்கதுக்குள்ள தங்கத் தேரு வெளிய வரும்" என்றார். வடை பாதியில் இருக்கும்போது அடுப்பின் கதவிடுக்கில் புகை வந்தது. முதலில் வெள்ளை, அப்புறம் கறுப்பு, அப்புறம் ஒரு நாற்றம் பாரு, கோட்டாறு கடைவீதி முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. துணிக்கடையிலிருந்து ஒருவர், "ஏலே முத்து, டயரையா கொளுத்துக?" என்று கத்தினார். பலசரக்குக் கடைக்காரர், "அந்த அக்கா காலத்தயே எதையோ நிறுத்துட்டுப் போனாவ, அப்பமே நெனச்சேன்" என்றார்.

கதவைத் திறந்தால் தங்கத் தேர் முழுக்க அம்மை போட்டிருக்கிறது. கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி, பெடல் சுற்றுகிற இடத்து ஓட்டை வழியாகக் கருப்பட்டிப் பாகு போல ஒன்று சொட்டுச் சொட்டாக விழுகிறது.

"அக்கா, ஒங்க மாப்பிள இதுக்குள்ள என்னத்த வச்சிருந்தாரு?" என்றார் முத்துநாயகம். வாயில் துண்டைப் பொத்தியிருந்தார்.

எனக்கு அந்த நாற்றம் தெரியாதா? எங்கள் உடுப்பு, தலையணை, சோறு எல்லாவற்றிலும் இருக்கிற நாற்றம்தானே. ரப்பர். சீட்டுக் கம்பியைக் கழற்றிக் குழாய்க்குள் ரப்பர் பாலை ஊற்றி உறைய வைத்திருக்கிறார் உன் அண்ணன். ஒருநாளில் ஊற்றியதாக இருக்காது, காயக் காய ஊற்றி ஊற்றித்தான் அவ்வளவு நிறைத்திருப்பார். எதற்கு என்று நிற்கிற நிற்பில் எனக்குப் புரிந்துவிட்டது. பிரீனா கைக்குழந்தையாக இருந்தபோது இலை விழுந்தாலும் எழுந்துவிடுவாள். விடியுமுன் அவர் பால்வெட்டுக்குச் சைக்கிளை எடுத்தால் பிரேமுக்குள் ஏதோ கடகடவென்று ஆடும், பிள்ளை எழுந்து அழும். பிறகு எப்போதோ அந்தச் சத்தம் நின்றுபோனது. எண்ணெய் விட்டிருப்பார் என்று நினைத்தேன். அவரும் சொல்லவில்லை. பிள்ளை தூங்குவதற்காக அதையும் சேர்த்து இத்தனை வருஷம் மேட்டில் தள்ளியிருக்கிறார் மனுஷன்.

நான் சிரித்தேன். அவரை அடக்கம் செய்த பிறகு நான் சிரித்தது அங்கேதான், அந்தப் புகைக்குள், கையில் பாதி வடையோடு. பிறகு அது சிரிப்பாக நிற்கவில்லை. முத்துநாயகம் பயந்துபோய், "அக்கா, அழாண்டாம், கோல்டுக்குக் காசு வாங்க மாட்டேன்" என்றார். அதற்கில்லை தம்பி என்றேன், அவருக்கு அது புரியவில்லை, போகட்டும்.

உள்ளே இருந்ததை எல்லாம் சுட்டு, கம்பி விட்டுக் குத்தி எடுத்தார்கள். ஒரு கிலோ இருந்தது. அதன்பிறகு அந்தப் பிரேம் எந்தப் பொடியையும் ஏற்கவில்லை, அடுப்பில் வைத்தால் திரும்பக் கொப்புளம். கடைசியில் நான் முதலில் சொன்னதுதான் நடந்தது. வெறும் இரும்பைத் தேய்த்து, மேலே தெளிவாக அந்த வார்னிஷைத் தெளித்துப் பூட்டித் தந்தார். இப்போது எடை பதினேழே முக்கால். உங்கள் சுவர் பிழைத்துக்கொள்ளும். சாம்பல் போட்டு விளக்கின அலுமினியப் பானை மாதிரி இருக்கிறது, குழாய் சேருகிற இடங்களில் ஒட்டுப்போட்ட பித்தளை மஞ்சளாகத் தெரிகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் சோபாவுக்குப் பொருந்துமா என்று பெமிலா பார்த்துக்கொள்ளட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, இந்தப் பூச்சு லேசு, அழகு, ஆனால் கீறல் விழுந்தால் துரு ஏறும், கொட்டாரத்தில் கடல் காற்று வேறு. மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைக்கச் சொல்.

சனிக்கிழமை வண்டி அனுப்பு. சைக்கிள் தயாராக இருக்கும். பிரதிஷ்டைக்கு நானும் பிரீனாவும் முந்தின நாளே வந்துவிடுவோம். புது வீட்டில் நீங்கள் மூவரும் ஒருமனமாக நெடுங்காலம் வாழவும், கதவு சாத்தினால் சுவர் ஆடாமல் இருக்கவும் ஆண்டவர் காப்பாராக. பெமிலாவுக்கு முத்தம். ஜெனினுக்குப் பெரியம்மாவின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பாசமுள்ள மைனி,
பூங்கனி ராஜகுமார்.

பின்குறிப்பு: வண்டி அனுப்பாதே.

இதை நேற்று ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று காலையில் சைக்கிளைச் சாய்ப்பிலிருந்து வெளியே எடுக்கிறேன், ஒரு கையில் வருகிறது. இதைவிட நிறையத் தூக்கியிருக்கிறேனே என்று வேடிக்கைக்குத்தான் கேரியரைத் திரும்பப் பூட்டினேன். வேடிக்கைக்குத்தான் கேனை மாட்டினேன். பால் நிறைத்து மேட்டில் தள்ளினால், தம்பி, ஏறுகிறது. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன், ஆனால் தலையில் ஒன்றுமில்லை, கழுத்து நேராக இருந்தது, எதிரே வந்தவர்கள் முகம் தெரிந்தது. கேனை இறக்கிவிட்டுத் திரும்பும்போது இறக்கத்தில் ஏறி உட்கார்ந்தும் பார்த்தேன். பிரீனா பின்னாலேயே ஓடிவந்து, "எம்மா, பிரேக்கப் பிடி" என்றாள். "அது எதுட்டி?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் வாழைத்தோட்டம் வந்துவிட்டது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, சைக்கிளுக்கு ஒன்றுமில்லை.

உன் அண்ணனை நினைக்க உனக்கு அவருடைய போட்டோ அனுப்புகிறேன். எடை பார்த்துவிட்டேன், கண்ணாடியோடு அரைக் கிலோகூட இல்லை. கோபித்துக்கொள்ளாதே, கோபம் வந்தாலும் எழுதித்தான் தெரிவி, போனில் கூப்பிட்டால் நான் சைக்கிளில் இருப்பேன். கேனில் பால் கிடக்கிறது, உறைவதற்குள் மேட்டில் ஏற்ற வேண்டும், போகிறேன்.