வேலரசன் கொண்டு வந்த மழை

புத்தகம் படிக்கிற பழக்கம் ஆளை உயர்த்தும் என்று சொல்பவர்கள் யாரும் மரக்காணத்து உப்பளத்தில் உட்கார்ந்து படித்ததில்லை. நான் படித்தேன். ஒரு லாரி உப்பைக் கரைத்தேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை மாதம். பிறந்த வீடு பெருமுக்கல் பக்கம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்கிற குடும்பம். புகுந்த வீட்டில் உப்பளம். மேட்டுக்காட்டுப் பெண்ணுக்கு உப்பைப் பற்றி என்ன தெரியும் என்று மாமியார் என்னை அந்தப் பக்கமே விட்டதில்லை. அன்று எல்லோரும் ஒரு சாவுக்குப் போக வேண்டியிருந்ததால் வேறு வழியில்லாமல் என்னைக் காவலுக்கு நிறுத்தினார். வரப்பில் உப்பு வாரிக் குவித்திருந்தது. சாயங்காலம் லாரி வரும். பக்கத்திலேயே நீலத் தார்ப்பாய் மடித்துக் கிடந்தது.

"மேகம் கட்டுச்சுன்னா உடனே மூடிடணும்மா. இத ஒழுங்கா செஞ்சிட்டேன்னா நாளைலேர்ந்து நீயும் அளத்துக்கு வா" என்றார்.

அவ்வளவுதான் பரீட்சை. சின்னப் பிள்ளைகூட பாஸாகியிருக்கும். ஆனால் என் பையில் மூன்றாம் பாகம் இருந்தது.

அது ஒரு மாயாஜாலத் தொடர், மொத்தம் மூன்று பாகம். மழையைக் குகைக்குள் பூட்டி வைத்திருக்கிறான் ஓர் அரக்கன். அதை மீட்கக் கிளம்பிய வேலரசன், இரண்டாம் பாகத்தின் கடைசி வரியில் ஒரு பாறை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தான். அவனை அப்படியே தொங்கவிட்டுத்தான் நான் மணமேடை ஏறினேன். (தாலி கட்டும்போது என் முகத்தில் தெரிந்த கவலைக்கு என் கணவர் இன்றுவரை வேறு காரணம் நினைத்துக்கொண்டிருக்கிறார்.)

உப்பளத்தில் மருந்துக்கும் நிழல் கிடையாது. வெள்ளை உப்பில் வெயில் பட்டுக் கண் கூசியது. உப்பு வாரும் பலகைகள் இரண்டை நட்டு, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். (சும்மாதானே மடித்துக் கிடக்கிறது!) உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

கடைசி அத்தியாயம். வேலரசன் குகையின் பூட்டை உடைத்தான். முதல் துளி விழுந்தது. டப் என்று சத்தம் கேட்டது. என்ன எழுத்துடா சாமி, காதிலேயே கேட்கிறதே என்று எனக்குப் புல்லரித்தது. அடுத்த பத்தியில் இடி. எனக்கும் இடி கேட்டது. அதற்கடுத்த பக்கத்தில் கால்கூடச் சில்லிட்டது. இந்த எழுத்தாளருக்கு எந்த விருது கொடுத்தாலும் போதாது என்று நினைத்தபடி முடித்தேன். ஆனந்தக் கண்ணீரோடு வெளியே வந்தால், நிஜ மழை.

கோடையில் மழை வந்தால் நான் பிறந்த ஊரில் எல்லோரும் வாசலுக்கு வந்து நனைந்து சிரிப்போம். பழக்க தோஷம், நானும் கையை விரித்து நின்றேன். வரப்பில் மாமியார் தலைதெறிக்க ஓடி வந்துகொண்டிருந்தார். பல்லெல்லாம் தெரிய, "அத்தை, மழை வந்துடுச்சு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மார்பளவு இருந்து முழங்காலளவு ஆகிவிட்ட உப்பைப் பார்த்தார். தார்ப்பாய்க்கு அடியில் சொட்டு ஈரமில்லாமல் கிடந்த புத்தகத்தைப் பார்த்தார். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுபடியும் அழுதேன், இந்த முறை வேலரசனுக்காக இல்லை. அவமானம் பிடுங்கித் தின்றது.

மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் மீன் ஆய்ந்துகொண்டே கேட்டார்: "அப்பிடி இன்னாதான் இருந்துச்சு அந்தப் புக்குல?"

மூன்று பாகத்தையும் சொன்னேன். குழம்பு கொதித்து இறக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்போ மழையப் பூட்டி வெச்சவன்தான் நல்லவன்."

"அவன் அரக்கன், அத்தை."

"இருந்துட்டுப் போறான். உப்பளம் வெச்சிருப்பான் பாவம்" என்றார். மறுநாள் என்னை அளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார், கிளம்பும் முன் என் பையைச் சோதித்துவிட்டு.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் மழை வருகிறது என்று சொல்வதில்லை. வானம் கறுத்தால், "வேலரசன் வர்றான், தார்ப்பாயப் போடுங்க" என்பார்கள். அக்கம்பக்கத்து அளங்களுக்கும் அது பரவிவிட்டது. போன மாதம் புதிதாக வேலைக்கு வந்தவர் என்னிடம் மரியாதையாக, "யாருங்க அந்த வேலரசன்? ஆபீசருங்களா?" என்று விசாரித்தார்.

மாமியார் முந்திக்கொண்டார்.

"எங்க மருமவளுக்கு ரொம்ப வேண்டியவன்ப்பா. அவன் வந்தா ஊரே நனையும், இவ புக்கு மட்டும் நனையாது."