குதிரைப் படுக்கைத் தைலம்

கலியாணப் பேச்சில் மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் பதவி உயர்வு வேறெந்த வேலையிலும் கிடைக்காது. திங்கட்கிழமை வரை நான் லண்டனில் குரொய்டனுக்கு அப்பால் ஒரு பெற்றோல் நிலையத்தில் காசாளராக இருந்தேன். செவ்வாய்க்கிழமை என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், சட்டனில் இருந்த பெண் வீட்டாரோடு தொலைபேசியில் பேசினார். புதன்கிழமை விடியும்போது நான் மருந்து ஆராய்ச்சி விஞ்ஞானியாகியிருந்தேன்.

"என்ன அத்தான் இது?" என்று கேட்டேன்.

"நீ கெமிஸ்றி படிச்சனிதானே?"

"ஏ.எல்.லில படிச்சனான். அதிலயும் எஸ் பாஸ்."

"படிச்சதோ இல்லையோ? பேந்தென்ன."

(எஸ் பாஸ் என்பது, பையன் உயர்தரப் பரீட்சைக்கு வந்திருந்தான் என்பதற்கான அத்தாட்சி. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.)

மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. எனக்கு முப்பத்திரண்டு வயது. தோர்ண்டன் ஹீத்தில் அக்கா வீட்டு மேலறையில் இருந்தேன். இரண்டு சம்பந்தங்கள் 'பெற்றோல் செட்' என்ற சொல்லோடு முறிந்திருந்தன. இது மூன்றாவது. போதாததற்கு அந்தப் பெண் வதனியின் படத்தையும் பார்த்துவிட்டேன். அன்று முதல் மூன்றாம் பம்பில் நின்ற மனிதர்களை ஐந்தாம் பம்புக்குப் பணம் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் எனக்கு வேறு யாரும் வேண்டாம் என்ற நிலைக்கு வந்திருந்தேன்.

முதல் தடவை சட்டனுக்குப் போனபோது வதனியின் தகப்பன் பரமநாதர் என்னை உட்காரவைத்துத் தன் முழங்காலைக் காட்டினார். ஓய்வு பெற்ற ஆசிரியர். மாப்பிள்ளையின் குலம் கோத்திரம் எதையும் அவர் விசாரிக்கவில்லை. ஒரு பத்திரிகைத் துண்டை நீட்டினார்.

"ஹெம்ப் எண்டொரு செடியாம், தம்பி. எங்கட கஞ்சாவின்ர சொந்தக்காரன், ஆனால் வெறிக்காதாம். மூட்டு நோவுக்கு நல்லதெண்டு போட்டிருக்கு. இதில எண்ணெய் எடுக்க ஏலுமோ?"

"அப்பா, அதுக்கு இன்னும் சரியான எவிடன்ஸ் இல்ல," என்றது உள்ளறையிலிருந்து ஒரு குரல். அதுதான் வதனி. மருந்தாளர் படிப்பில் கடைசி வருடம்.

"அவள் படிக்கிற பிள்ளை. நீர் அனுபவசாலி. ஏலுமோ?"

அத்தான் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

"ஓம் அங்கிள்," என்றேன்.

செடிக்கு எங்கே போவது என்று தெரியாமல் ஒரு வாரம் திரிந்தேன். அப்போதுதான் விஞ்ஞானம் பெற்றோல் அடிக்க வந்தது. குதிரை ஏற்றிய ட்ரெய்லரோடு வாராவாரம் வரும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, லாயத்தில் வைக்கோலுக்குப் பதிலாக இப்போது ஹெம்ப் தண்டுச் சீவல்தான் விரிக்கிறேன், தூசியே இல்லை, ஈரத்தை நன்றாக உறிஞ்சுகிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அது தொண்ணூறுகளின் பின்பாதி. இங்கிலாந்தில் சில விவசாயிகள் சில வருடங்களாக அனுமதி பெற்று அந்தச் செடியை நாருக்காக வளர்த்து வந்தார்கள். நாரை உரித்த பிறகு மிஞ்சும் கட்டைதான் குதிரைக்குப் போனது. நான் விட்டேனா? எனக்கும் கொஞ்சம் வேண்டும் என்றேன். அடுத்த வாரம் ஒரு மூட்டை கொண்டுவந்து கொடுத்தார். "உங்களிடம் குதிரை இருக்கிறதா?" என்று ஆசையோடு கேட்டார். இரண்டு இருக்கின்றன என்றேன். அந்தக் காலத்தில் பொய் சொல்வது எனக்குக் கொட்டாவி விடுவதைப் போல வந்துகொண்டிருந்தது.

இன்றைக்கு இதை எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஹெம்ப் செடியின் பூவிலும் இலையிலும்தான் நோவுக்கு நல்லதென்று சொல்லப்படும் சி.பி.டி. என்ற சரக்கு இருக்கிறது. காய்ந்த பூவுக்குள் காபனீரொட்சைட்டு வாயுவை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தி அதைக் கரைத்து எடுக்கிறார்கள். சாராயத்தில் ஊறவைத்து எடுப்பவர்களும் உண்டு. தண்டின் கட்டையில் இருப்பது, என் எஸ் பாஸில் இருந்த கெமிஸ்றி அளவுதான். எனக்கு அன்று இதில் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊரில் நோவெண்ணெய் காய்ச்சும் முறை. சீவலைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தேன். வடித்தேன். நல்லெண்ணெய் சேர்த்து நீர் வற்றும்வரை காய்ச்சினேன். நனைந்த மரப்பெட்டி மணம் வந்தது. அதை மறைக்க உள்ளியும் மிளகும் சின்னச்சீரகமும் தட்டிப் போட்டேன். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எண்ணெயை, வெறுமையான நல்லெண்ணெய்ப் போத்தல் ஒன்றிலேயே ஊற்றினேன். எங்கள் சனம் எந்தப் போத்தலையும் எறிவதில்லை. லேபலையும் கிழிப்பதில்லை.

நாள் குறிக்கும் நாள் வந்தது. சட்டன் வீட்டு வரவேற்பறையில் பன்னிரண்டு பேர். நடுவில் கோயில் நிர்வாகத்தில் இருந்த பெரியப்பா, பரமநாதரின் தமையன். வாசலில் என்னை வரவேற்றது வதனியின் தாய். வாழைப்பழம், திராட்சை, போத்தல் எல்லாம் இருந்த பையை அப்படியே அவர் கையில் கொடுத்தேன். இது என்ன, யாருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. (வெட்கம். விஞ்ஞானிகளுக்கும் வெட்கம் வரும்.)

சற்று நேரத்தில் உழுந்து வடை வந்தது. முதல் தட்டு நல்ல வடை. இரண்டாம் தட்டு அமிர்தம்.

"என்ன போட்டனீங்கள், மச்சாள்? உள்ளி வாசம் தூக்குது!" என்று பெரியப்பா கேட்டுக்கேட்டு ஏழு சாப்பிட்டார். நான் நான்கு.

பரமநாதர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, எங்கை என்ர எண்ணெய்?"

"அன்ரியிட்டக் குடுத்தனான், அங்கிள்."

சமையலறை வாசலில் அன்ரி நின்றார். கையில் போத்தல். அதில் அடியில் ஒரு விரற்கடை எண்ணெய்.

"ஐயோ, பொரிக்கிற எண்ணெய் முடிஞ்சு போச்செண்டு தாச்சிக்குள்ள விட்டிட்டன். தம்பி வெறுங்கையோட வராமல் நல்லெண்ணெய் கொண்டந்திருக்கிறார் எண்டெல்லோ நினைச்சன்!"

"என்ன எண்ணெய் அது?" என்றார் பெரியப்பா.

பரமநாதருக்கு மருமகனைப் பற்றிப் பெருமைப்பட அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. "கஞ்சாச் சாதிச் செடி, அண்ணை. தம்பி தன்ர லாப்பில ஆராய்ச்சி செய்து எடுத்தது!"

ஒரு நிமிடம் யாரும் மெல்லவில்லை. பிறகு பெரியப்பா நெற்றியைப் பிடித்தார். "எனக்குத் தலை சுத்துது." அவர் சொன்னதும் எல்லோருக்கும் சுற்றியது. ஒரு சித்தப்பா காரணமில்லாமல் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பதைக் கண்டு பயந்து அவர் மனைவி அழுதார். பெரியப்பா கம்பளத்தில் நீட்டிப் படுத்துக்கொண்டு, "என்ர நாக்கு தடிக்குது, நான் கோயிலுக்கு என்ன முகத்தோட போவன்?" என்று தெளிவாகப் பேசினார். யாரோ தொலைபேசியை எடுத்து ஆம்புலன்சுக்கு அடிக்கப் போக, இன்னொருவர் பாய்ந்து தடுத்தார். "அவன் வந்தால் பொலிசும் வரும். எனக்கு இன்னும் விசா முடிவு வரேல்லை!"

அத்தான் என் காதுக்குள், "வாயைத் திறந்தியோ, கெட்டாய்," என்றார்.

எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. வாயை மூடினால் பன்னிரண்டு பேருக்குக் கஞ்சா கொடுத்த விஞ்ஞானி. திறந்தால் விஞ்ஞானியே இல்லை. இரண்டிலும் வதனி இல்லை.

அப்போது வதனி உள்ளேயிருந்து வந்து என் முன்னால் நின்றாள்.

"எந்தப் பார்ட்ல எடுத்தனீங்கள்? பூவா, இலையா? உண்மையைச் சொல்லுங்கோ, பெரியப்பாவுக்குப் பிரஷர் இருக்கு."

பெரியப்பாவைப் பார்த்தேன். அந்த மனிதருக்கு உண்மையிலேயே வியர்த்துக்கொண்டிருந்தது. பயத்தில்தான். ஆனால் பயமும் ஆளைக் கொல்லும் என்று எனக்குத் தெரியும். ஊரில் கண்டிருக்கிறேன்.

"தண்டு," என்றேன்.

"எங்க வாங்கினீங்கள்?"

"வாங்கேல்லை. குதிரைக்குக் கீழ விரிக்கிறது. ஒரு அம்மா தந்தவ."

எல்லோரும் தட்டில் மிஞ்சியிருந்த வடையைப் பார்த்தார்கள்.

"புதுசு," என்று அவசரமாகச் சேர்த்தேன். "குதிரை இன்னும் படுக்கேல்லை."

வதனி திரும்பி, "தண்டில ஒண்டும் இராது. ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யாது," என்று அறிவித்தாள். பெரியப்பாவின் தலைச்சுற்றல் அந்தக் கணமே நின்றது. குமட்டல் தொடங்கியது. எழுந்து குளியலறைக்கு ஓடினார். ஏழு வடைக்காரர் அவ்வளவு வேகமாக ஓடி நான் கண்டதில்லை.

"அப்ப லாப்?" என்றார் பரமநாதர் மெல்ல.

"லாப் இல்லை, அங்கிள். பெற்றோல் செட். கெமிஸ்றி எஸ் பாஸ். எண்ணெய் காய்ச்சினது அக்காவின்ர குசினியில."

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே எழுந்து உள்ளே போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோர்ண்டன் ஹீத் வரை பஸ்ஸில் அத்தான் எனக்கு மூன்று இருக்கை தள்ளி, என்னைத் தெரியாதவர்போல் உட்கார்ந்து வந்தார். நான் யன்னல் பக்கம் திரும்பி அழுதேன். இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை.

பத்து நாள் கழித்துப் பெற்றோல் நிலையத்துக்கு ஒரு தொலைபேசி வந்தது.

"வதனி கதைக்கிறன். இன்னும் ஏதும் பொய் மிச்சம் இருக்கோ? இப்பவே சொல்லுங்கோ."

ஐந்தாம் பம்பில் ஒருவன் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "அந்த எண்ணெயை நான் உடுக்கிற சாரத்தாலதான் வடிச்சனான்."

"தோய்ச்ச சாரமோ?"

"தோய்ச்சதெண்டுதான் நினைக்கிறன்."

அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்த ஆவணியில் கலியாணம். பெரியப்பா வந்தார், சோறு சாப்பிட்டார், வடையைத் தொடவில்லை.

இப்போது சி.பி.டி. எண்ணெய் சின்னப் போத்தலில் கடைகளில் கிடைக்கிறது. கடுமையான சிலவகை வலிப்பு நோய்க்கு அதைச் சுத்திகரித்து வைத்தியர்களே மருந்தாகக் கொடுக்கிறார்கள் என்றும், முழங்காலுக்கு இன்னும் உறுதியான ஆதாரம் இல்லை என்றும் என் மனைவி மருந்துக் கடையில் வருவோருக்கு விளக்குகிறாள். எங்கே படித்தாள் என்று யாரும் கேட்டால் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்வாள். எங்கே பரிசோதனை பார்த்தாள் என்று கேட்டால் என்னைக் காட்டுவாள்.

எங்கள் வீட்டில் யாரும் கற்பூரத்தில் சத்தியம் செய்வதில்லை. நான் எங்கே போய்ப் பிந்தி வந்தேன், மகன் பரீட்சையில் எத்தனை எடுத்தான் என்று சந்தேகம் வந்தால், வதனி ஒரு வடையை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள்.

"இதில அடிச்சுச் சொல்லுங்கோ."

மகன் சிரித்துக்கொண்டே அடித்துவிடுவான். என்னால் மட்டும் இன்றுவரை ஏலாது. உண்மையைச் சொல்லிவிடுவேன்.