மாமன் மடியில் பெய்த மழை

பிள்ளையின் சமர்த்தை ஊரெல்லாம் சொல்லித் திரிகிற தகப்பனுக்கு வேறு எதிரி தேவையில்லை. அந்தப் பிள்ளையே போதும். நான் சொல்லித் திரிந்தவன். அதுவும் எதை? என் மகள் நிலா, பல் முளைக்கும் முன்பே, சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் மூத்திரம் போவாள் என்பதை. (சிலர் முகம் சுளிக்கலாம். பிள்ளை வளர்த்தவர்கள் சுளிக்கமாட்டார்கள்.)

அருப்புக்கோட்டைக் கடைகளில் டயப்பர் சரம்சரமாகத் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. வெயிலை உடுத்தி வளரவேண்டிய பிள்ளைக்குப் பிளாஸ்டிக் கோவணமா என்று பொங்கினேன். கொல்லையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, பாதங்களுக்கு நடுவே அவளை இருத்தி, காதோரம் குனிந்து "ஸ்ஸ்ஸ்ஸ்..." என்று ஊதுவேன். பல நாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், அவ்வளவுதான். பிறகு ஒரு காலையில் வந்தது. வானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்துப்போன கரிசல் காடு எங்களுடையது. எத்தனை கெஞ்சினாலும் இறங்காத மேகங்களுக்குக் கீழே, என் ஒரே மூச்சுக்கு ஒரு சின்ன மழை. அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

அதன்பின் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் தப்பவில்லை. சிலிண்டர் கொண்டுவந்தவரைக்கூட நிற்க வைத்துக் காட்டினேன். பாவம், அவர் கைதட்டிவிட்டுப் போனார்.

என் மனைவி செல்வி மட்டும் கைதட்டவில்லை. "புள்ள ஒண்ணும் பழகல. நீங்க ஊதுனா வருது, அம்புட்டுத்தான். அடக்கத் தெரியணும்ல? குக்கரு சத்தம் போட்டாலும் தொட்டிலு நனையுதுங்க."

"பாத்தியா, எம்புட்டு நுட்பமான காது!" என்றேன்.

அந்த நுட்பமான காதைக் குத்தும் நாள் வந்தது. திருச்சுழிப் பக்கம் எங்கள் குலசாமி கோயில். மொட்டை, கிடா வெட்டு, பந்தல் எல்லாம் சரி. தாய்மாமன் மடி? அங்கேதான் சிக்கல். செல்விக்கு ஒரே அண்ணன், பரளச்சியில் இருக்கிறார். எங்கள் கல்யாணத்தன்று அவரைப் பந்திக்கு வாங்க என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் கூப்பிடவில்லை. பெண்ணுக்கு அண்ணன், பசித்த வயிற்றோடு பஸ் ஏறிப் போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. என்னோடு ஒரு வார்த்தை பேசியதுமில்லை.

செல்வி நேரில் போய் அழுதிருக்கிறாள். "மடி தாரேன் தாயி. ஆனா குத்தி முடிஞ்சதும் அடுத்த பஸ்ஸுக்குப் போயிருவேன். கை நனைக்க மாட்டேன்" என்றாராம்.

கோயிலில் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கண்ணன் இன்னைக்கு ஒரு வாய் சாப்பிட்டாப் போதுங்க எனக்கு. வம்பு வேணாம், இன்னைக்கு மட்டும் டயப்பரு போட்டுவிடுறேன்."

"எம்மகளுக்கா? இத்தன பேரு பாக்கவா?"

வீராப்பாக நிலாவைக் கோயிலுக்குப் பின்னால் தூக்கிப்போய் ஊதினேன். மொட்டையடித்த கோபத்தில் அவள் மறுத்துவிட்டாள். ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

மச்சான் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தார். சரிகைக் கரை வேட்டி, கஞ்சி போட்ட சட்டை, கஞ்சி போட்ட முகம். மடியில் சந்தன மொட்டையோடு நிலா. ஆசாரி ஊசியை எடுத்தார். சுருக்!

நம் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. யாருக்கு வலித்தாலும் தங்களுக்கே வலித்த மாதிரி பல்லிடுக்கில் காற்றை இழுப்பார்கள். பந்தல் முழுக்க, சொந்தபந்தம் அத்தனை பேரும், ஒரே மூச்சில்:

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!"

(நான் வெளியே ஊதுவேன், அவர்கள் உள்ளே இழுத்தார்கள். இந்த வித்தியாசமெல்லாம் அவளுக்குத் தெரியாது.)

நிலா அழ மறந்தாள். வாத்தியார் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்த பிள்ளையின் முகம். தகப்பன் ஒருவன் கேட்டாலே கொடுப்பவள், ஊரே கேட்டால் இல்லை என்பாளா? மச்சானின் சரிகை வழியாக ஓடி, முழங்காலில் பிரிந்து, இரண்டு கிளையாறாகப் பாய்விரிப்பில் இறங்கியது.

ஆசாரி தயங்கி, "இன்னொரு காது கெடக்கே?" என்றார்.

"குத்துங்க" என்றார் மச்சான், பல்லைக் கடித்துக்கொண்டு.

சுருக். மறுபடி ஊரே "ஸ்ஸ்ஸ்!" அவளும் மிச்சம் வைத்திருந்தாள்.

மச்சான் மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்: "ஏன் மாப்ள, இதத்தான் ஊரு பூராம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீகளா?"

அந்த வேட்டியோடு பஸ் ஏற முடியாது. அடுப்பு வேலைக்கென்று நான் கொண்டுவந்திருந்த கட்டம் போட்ட கைலியை வாங்கிக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். செல்வி வேட்டியை அலசி உடைமரத்தில் விரித்தாள். எங்கள் வெயிலுக்கு ஒரு வேட்டி எம்மாத்திரம்? ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. அவர் கையை நீட்டினார். செல்வி அதை முகர்ந்து பார்த்து, "இன்னும் வாடை போகலண்ணே" என்று மறுபடி வாளியில் முக்கினாள்.

பஸ் போயிற்று. கறிக்குழம்பு கொதித்து மணந்தது. வேட்டி காய்ந்தது. செல்வி முகர்ந்தாள். முக்கினாள். அடுத்த பஸ்ஸும் போயிற்று. மூன்றாவது தடவை வாளிப் பக்கம் போனவளை மச்சான் மறித்தார்.

"ஏத்தா, வேட்டி நூலு நூலாப் போயிரும் போல. ஒன் நோக்கம் தெரியுது. எலையப் போடு, தின்னே தொலைக்கிறேன்!"

"சாப்பிட வாங்க மச்சான்!" நான் கத்திய கத்தலில் சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டார். மச்சான் கைலியோடு பந்தியில் உட்கார்ந்து, கறியை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். செல்வி அடுப்புப் புகை கண்ணில் பட்டதென்று முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவள் நின்ற பக்கம் புகையே இல்லை.

இப்போது எங்கள் வகையறாவில் எங்கே காது குத்தினாலும் மச்சான்தான் முன்னால் நிற்பார். ஆசாரி ஊசியை எடுத்ததும் ஒரு அதட்டல்: "எல்லாரும் வாயப் பொத்துங்க!" கிழடு கட்டையிலிருந்து சிறுசு வரை அத்தனை பேரும் உள்ளங்கையால் வாயை மூடிக்கொள்வோம். போன மாதம் பாலவனத்தத்தில் புதுச் சம்பந்தி ஒருவர் இதைக் கண்டு பயபக்தியோடு கேட்டார்: "இது ஒங்க குலவழக்கமுங்களா?"

"ஆமாங்க" என்றார் மச்சான், சிரிக்காமல். "எங்க முன்னோரு ஏற்படுத்துனது."

முன்னோர் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தாள், ரெட்டைச் சடையோடு, வாயை இறுகப் பொத்திக்கொண்டு, என்னை முறைத்தபடி.